தென்காசியில் மட்டும் முனகிய பெட்டி

ரேடியோவைத் திருகிவிட்டு, அது சூடேறி வாய் திறக்கும்வரை காத்திருந்து வளர்ந்தவர்கள் நாம். பாட்டு வருவதற்கு முன்னால் ஒரு முனகல் வரும், நினைவிருக்கிறதா? தொண்டைக்குள்ளேயே நின்றுவிட்ட ஒரு 'ம்' மாதிரி. பாட்டு வந்ததும் அது அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். பாட்டு நின்றால் மறுபடி எழுந்து உட்காரும். இந்தக் காலத்துப் பிள்ளைகளிடம் சொன்னால், ரேடியோ எதற்காக முனக வேண்டும் என்று கேட்கிறார்கள். உங்களுக்கு அந்த விளக்கம் தேவைப்படாது. அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன். அப்படி ஒரு முனகலை ஒரு பெட்டிக்குள்ளிருந்து வெளியேற்ற முயன்று ஒரு வீடு பட்ட பாட்டை நான் கூடவே இருந்து பார்த்திருக்கிறேன்.

அப்போது நான் குற்றாலத்தில் மாமா வீட்டில் இருந்தேன். அம்மாவும் அப்பாவும் புனலூர்ப் பக்கம் ரப்பர் தோட்டத்துக்கு வேலைக்குப் போனபோது, அங்கே காய்ச்சல் பரவியிருக்கிறது என்று என்னை அம்மாவின் தம்பியிடம் விட்டுவிட்டுப் போனார்கள். திரும்ப வந்து கூட்டிக்கொண்டுபோக அவர்களுக்கு வாய்க்கவில்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நின்றது. அதற்குப் பிறகு முந்திரி உடைத்தேன், நாடகக் கம்பெனிக்குச் சோறு பொங்கினேன், ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்தேன். ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாத கால் என்னுடையது. பல ஊர்களை இப்போது மறந்துவிட்டேன். குற்றாலத்தை மறக்கவிடாமல் வைத்திருப்பது அதன் அழகு அல்ல, சத்தம்.

மாமாவின் வீடு பேரருவிக்குப் போகிற கடைத்தெருவின் பின்சந்தில் இருந்தது. ஆனி பிறந்து சாரல் பிடித்து, அருவியில் தண்ணீர் நிறைந்துவிட்டால் அந்தச் சந்தில் யாரும் சாதாரணமாகப் பேச முடியாது. உப்பு வேண்டுமென்றால் வயலுக்கு அந்தப் பக்கம் நிற்கிறவரைக் கூப்பிடுவதுபோலக் கூப்பிட வேண்டும். புருஷன் பெண்டாட்டி அந்தரங்கம் பேசுவதானாலும் காதோடு வாயை வைத்துக் கத்துவார்கள். கொஞ்ச நாளில் அது பழகிவிடும். அருவி இரைவது எங்களுக்குக் கேட்கவே கேட்காது. சுற்றுலா வந்தவர்கள், "இந்தச் சத்தத்துல எப்படித் தூங்குறீங்க?" என்று கேட்டால், எந்தச் சத்தம் என்று திருப்பிக் கேட்போம். பஸ் ஏறி மேலகரம் தாண்டிய பிறகும் எங்கள் தொண்டை இறங்காது. பஸ்ஸின் முன்சீட்டில் குற்றாலத்துக்காரி பேசுவது பின்சீட்டு வரை கேட்கும். தென்காசிக்காரர்கள் எங்களைப் பார்த்துச் சிரிப்பார்கள்.

மாமா தென்காசியில் ஒரு மைக்செட்காரரிடம் வேலை பழகியவர். பிறகு குற்றாலத்து வீட்டின் முன்னறையையே ரேடியோ ரிப்பேர்க் கடையாக்கிக்கொண்டார். ஈயம் உருகும்போது வருகிற புகை சாம்பிராணிபோல மணக்கும். சீசனில் துணியும் விறகும் காயாமல் வீடு முழுவதும் ஈரவாடை அடிக்கும்போது அந்த அறையில் மட்டும் அந்த மணம் இருக்கும். நான் அங்கேயே போய் உட்கார்ந்துகொள்வேன்.

மாமாவிடம் ஒரு கிட்டார் இருந்தது. மலையில் எஸ்டேட் வைத்திருந்த ஒரு துரை ஊரைவிட்டுப் போகும்போது விற்ற சாமான்களோடு வந்தது. பழைய டெலிபோனிலிருந்து கழற்றிய காந்தத்தை அதன் தந்திகளுக்கு அடியில் ஒட்டி, ஒயர் இழுத்து, ஆம்ப்ளிபயரோடு இணைத்திருந்தார். அதோடு நிற்கவில்லை. இசைத்தட்டுகளில் கிட்டார் ஓசை தண்ணீரில் விழுந்த நிலாபோல நடுங்குவதைக் கேட்டு, அதேபோல் நடுங்க வைக்கும் ஒரு பெட்டியைச் செய்யத் தொடங்கினார். ஆப்பிள் வந்த பலகைப்பெட்டியை அறுத்துச் செய்த உடம்பு. மேலே கீல் வைத்த தகரம். உள்ளே பழைய ரேடியோவின் டிரான்ஸ்பார்மரும் வால்வுகளும். காலால் மிதித்தால் ஓசை நடுங்கும். காலை எடுத்தால் நேராக நிற்கும். நாங்கள் அதை மிதிப்பெட்டி என்றோம். அத்தை மட்டும் சக்களத்தி என்றாள்.

"ஏட்டி, சக்களத்தி மேல துணியக் காயப்போடாதே, ஒங்க மாமாவுக்குப் பொறுக்காது" என்பாள்.

அந்தப் பெட்டி இப்போது எங்கே இருக்கிறதோ, யார் வீட்டு அடுப்பில் எரிந்ததோ தெரியவில்லை. கால் வைக்கும் தகரத்தில் மாமா ஆணியால் பொறித்திருந்த சின்னப் பூ மட்டும் இன்னும் என் கண்ணில் இருக்கிறது.

தென்காசியில் ஒரு அண்ணாச்சி மெல்லிசைப் பார்ட்டி வைத்திருந்தார். தொழில் பலசரக்குக் கடை, பாட்டு ஆசை. கடையின் மாடியில்தான் ஒத்திகை. கீழேயிருந்து வற்றல் நெடி ஏறி வந்து பாட்டுக்காரர் சரணத்துக்கு நடுவே தும்முவார். மிதிப்பெட்டியைக் காட்ட மாமா என்னையும் கூட்டிக்கொண்டு போனார். பஸ்ஸில் பெட்டி என் மடியில். கிட்டாரும் ஒரு இரும்புப் பாரையும் மாமா கையில். அத்தை தேங்காய் உரிக்கிற பாரை அது. மைக்செட் வேலை பழகின காலத்தில் மாமா மனதில் ஊறிப்போன பாடம் ஒன்று உண்டு: எர்த்து இல்லாத மிஷின் ஒழுங்காகப் பேசாது. ஒரு ஒயரின் நுனியைப் பாரையில் சுற்றி, பாரையை மண்ணில் இறக்கி, மறு நுனியைப் பெட்டியோடு சேர்த்துவிட்டால் கெட்டதெல்லாம் பூமிக்குள் போய்விடும் என்பார். அதனால் பெட்டி போகிற இடமெல்லாம் பாரையும் போயிற்று.

"அண்ணாச்சி, கச்சேரிக்குப் போறியளா, கெணறு வெட்டப் போறியளா?" என்று கண்டக்டர் மாமாவைக் கேட்டார்.

அண்ணாச்சி கடையின் பின்முற்றத்து மண்ணில் பாரை இறங்கியது. ஜன்னல் வழியாக ஒயர் மாடிக்கு ஏறியது. மாமா பெட்டியைப் பார்ட்டியின் ஆம்ப்ளிபயரோடு இணைத்து, ஒரு மெட்டை எடுத்து வாசித்து, காலால் மிதித்தார். ஓசை நடுங்கியது. தபலாக்காரர் தலையை ஆட்டினார். மாமா தந்தியை நிறுத்தி அடுத்த மெட்டுக்கு விரலை நகர்த்திய இடைவெளியில் அது கேட்டது. ம்ம்ம்ம் என்று அடிவயிற்றிலிருந்து ஒரு முனகல்.

"என்ன வே, பெட்டிக்குள்ள வண்டு வளக்கீரா?" என்றார் தபலாக்காரர்.

மாமா சிரித்தார். அடுத்த மெட்டை வாசிக்க ஆரம்பித்தார். அண்ணாச்சி பின்னால் நின்றுகொண்டு, "போதும் வே, நிப்பாட்டும்" என்றார். அவருக்கு எப்போதும் அடங்கின குரல். கடையில் கூட்டம் நெருக்கும்போதும் அப்படித்தான் பேசுவார். மாமா நிறுத்தவில்லை. இரண்டாம் முறையும் சொன்னார். பிறகு தோளில் தட்டினார். மாமா திடுக்கிட்டுத் திரும்பினார்.

"மருவாதியாச் சொன்னா நிப்பாட்ட மாட்டீரோ?"

"இல்ல அண்ணாச்சி, வாசிப்புல ஆழ்ந்துட்டேன்."

"வாசிப்பு நல்லாத்தான் இருக்கு. மிதிச்சா ஒரு நடுக்கம் வருதே, அது இந்தச் சுத்துவட்டாரத்துல எந்தப் பார்ட்டிலயும் கெடையாது. ஆனா இரையுதே வே. மைக்குல குடுத்தா ஊரே இரையும். ஆவணில இலத்தூர்ல ஒரு கல்யாணம் இருக்கு. அதுக்குள்ள சுத்தம் பண்ணிக் கொண்டாரும். அன்னைக்கிச் சரியா இருந்தா நீரு நம்ம பார்ட்டி ஆளு. இல்லன்னா சங்கடப்படாதேயும்."

மாமா அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அதைக்கூட நான் மரியாதை என்றுதான் நினைத்தேன்.

"வீட்ல இரையவே இல்ல அண்ணாச்சி. ஒங்க ஊர் கரண்டு சரியில்ல" என்றார்.

"ஆமா, குத்தாலத்துக் கரண்டு அருவில குளிச்சிட்டுல்லா வருது" என்றார் தபலாக்காரர். எல்லாரும் சிரித்தார்கள். கொஞ்சம் தாமதித்து மாமாவும் சிரித்தார்.

திரும்பும்போது பஸ்ஸில் மாமா என்னிடம் சொன்னார்: "தென்காசிக்காரனுவளுக்கு வாயத் தொறந்து பேச வராது பாத்துக்கோ. எல்லாம் முணுமுணு முணுமுணு."

அன்றிலிருந்து அந்த இரைச்சலைத் தேடுவதே வீட்டில் வேலையாயிற்று. தேயிலைப் பெட்டிகளுக்குள் ஒட்டியிருக்கும் ஈயத்தாளை உரித்துக்கொண்டு வந்து ஒயர்களுக்குச் சுற்றினார் மாமா. கண்டென்சரை மாற்றினார். வால்வை மாற்றினார். பாரைக்குப் பக்கத்தில் குழி தோண்டி, கரியும் உப்பும் போட்டு, தண்ணீர் ஊற்றினார். எர்த்து பலமாக வேண்டும் என்றார். அத்தையின் உப்புப் பரணி காலியாயிற்று.

"சோத்துக்கு உப்பில்ல. சக்களத்திக்கு மட்டும் உப்பு" என்று அத்தை கத்தினாள்.

"ஏளா, அது பேசாம இருக்கணும்ல. ஒன்ன மாதிரிக் கத்தினா யாரு பார்ட்டில சேப்பா?" என்று மாமாவும் கத்தினார். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் மாமா பெட்டியைப் போட்டுவிட்டுப் பெட்டி மேலேயோ ஸ்பீக்கர் மேலேயோ உள்ளங்கையை வைத்துக்கொண்டு எங்களைப் பார்ப்பார். சூடு பார்க்கிறார் என்று நினைத்தேன்.

"இரையுதா?"

"இல்ல மாமா."

"ஏளா, ஒனக்கு?"

"ஒண்ணும் கேக்கல."

வாழைப்பழக்காரியைக் கேட்டார், இல்லை என்றாள். அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவரைக் கூட்டி வந்து உட்காரவைத்துக் கேட்டார். அவர் எண்ணெய்க் கையைத் தொடையில் துடைத்துவிட்டு, காதைச் சாய்த்துக் கவனமாகக் கேட்டுவிட்டு, "இரைச்சல் இல்ல வே. எனக்கு ஒம்ம கிட்டாரே சரியாக் கேக்கல" என்றார். அது பெரிய பாராட்டு என்று மாமா சந்தோஷப்பட்டார். ஒருத்தருக்கும் அருவி நினைவுக்கு வரவில்லை. எங்கள் காதில் விழாமல் போய்விட்ட அருவி, பெட்டியின் முனகலையும் சேர்த்து மூடிக்கொண்டிருக்கிறது என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

மறுபடி தென்காசிக்குப் போனோம். பாரையும் வந்தது, ஒரு பொட்டலம் கரியும் உப்பும் வந்தது. இம்முறை பெட்டி முன்னைவிட உரக்க முனகியது.

"வண்டு போயிட்டு. இப்ப மாட்டுவண்டி வந்திருக்கு" என்றார் தபலாக்காரர்.

அண்ணாச்சி கீழே கடையைப் பார்க்க இறங்கிப் போய்விட்டார். மாமா ஒயரைச் சுருட்டினார். எனக்குப் பசித்தது. அண்ணாச்சி கடையில் கேட்டால் ஒரு துண்டு கருப்பட்டி கிடைத்திருக்கும். அன்றைக்கு நான் கேட்கவில்லை.

மாமாவையும் அத்தையையும் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சீசனில் அவர்கள் பேசிக்கொள்வதை நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்கலாம். கேலி, கத்தல், சண்டை, அதற்குள்ளேயே சமாதானம். தண்ணீர் வற்றியதும் வீடு மாறிவிடும். அத்தை ஏதாவது சொல்வாள், மாமா பதில் சொல்லமாட்டார். ஈயத்தைப் பார்த்துக் குனிந்திருப்பார். அத்தை இன்னொரு தரம் சொல்வாள், அதற்கும் இல்லை. பிறகு அவளும் பேச்சை விட்டுவிடுவாள். சாப்பாட்டுத் தட்டு சத்தமாக வந்து விழும். "சீசன் முடிஞ்சா ஒங்க மாமாவுக்கு மூஞ்சி தூக்கிக்கிடும்" என்று அத்தை என்னிடம் சொல்வாள். அந்த வருஷப் பங்குனியில் அடுப்பு ஊதிக்கொண்டே அழுதாள். "எனக்குப் பிள்ளை இல்லைல்லா. அதான் மனசுல வச்சிருக்காவ. வாய் தொறந்து சொன்னாலும் பரவால்ல" என்றாள். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். வேறென்ன செய்ய? ஆனி மாதம் சாரல் வந்ததும் இருவரும் மறுபடி கத்திப் பேசிச் சிரித்தார்கள். வருஷத்துக்கு ஒருமுறை அவர்களைச் சேர்த்துவைப்பது தண்ணீர்தான் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். அது சரிதான். ஏன் சரி என்பதுதான் அப்போது எனக்குத் தெரியவில்லை.

அந்த ஆண்டு ஆவணி பாதியிலேயே அருவி மெலிந்தது. ஒரு நாள் காலையில் எழுந்தபோது பாறையில் நூல்போல ஒழுகிக்கொண்டிருந்தது. சந்தில் குரங்கு ஓட்டின் மேல் நடப்பது கேட்டது. பக்கத்து வீட்டில் யாரோ வெந்நீர் விளாவுவது கேட்டது. அத்தை சமையலறையில் கையைத் துடைத்துக்கொண்டு நின்றாள்.

"ஏட்டி, அடுப்புல எதுவும் கொதிக்கா?"

"ஒண்ணுமில்லயே."

"பெறகு இது என்ன சத்தம்?"

இரண்டு பேரும் முன்னறைக்குப் போனோம். மாமா எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. மேஜைமேல் இருந்த தேநீர் கிளாசில் கரண்டி அதிர்கிற அளவுக்கு அது முனகியது. அத்தைக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"இந்தாருங்க, கண்டுபிடிச்சாச்சு! கரண்டுக் கோளாறும் இல்ல, ஒண்ணும் இல்ல. இங்கனயே இரையுதுல்லா!"

தண்ணீர் இல்லாத நாளில் பேசுகிற குரலில்தான் சொன்னாள். மாமா திரும்பவில்லை.

"இந்தாருங்க."

திரும்பவில்லை. அத்தையின் முகத்தில் கோபம் ஏறுவதைப் பார்த்தேன். இந்த வருஷத்து மௌனம் இன்றைக்கே தொடங்கிவிட்டது என்று நினைத்திருப்பாள். "நா எங்க அம்மை வீட்டுக்குப் போறேன். இனிமே வரமாட்டேன்" என்றாள். மாமா கையிலிருந்த ஒயரின் நுனியைப் பல்லால் கடித்துச் சீவி, பதமாக வளைத்து, ஒரு மெட்டை வாய்க்குள் முனகினார். கோபத்தில் இருக்கிறவர் அப்படிச் செய்யமாட்டார்.

அத்தை அப்படியே நின்றாள். பிறகு சுற்றிக்கொண்டு அவர் முன்னால் போய் உட்கார்ந்தாள். மாமா நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார்.

"இப்ப எப்பிடி? இரையுதா?" என்று அவரே கேட்டார்.

"ஒங்களுக்கு?" என்றாள் அத்தை, சீசன் குரலில்.

"இல்லயே. சுத்தமா இருக்கு."

கிளாசில் கரண்டி அதிர்ந்துகொண்டிருந்தது. அத்தை அவர் கையைப் பிடித்து ஸ்பீக்கரின் மேல் வைத்தாள். அவர் கை அங்கேயே இருந்தது.

"அதிருது. எப்பவும் அதிரத்தான் செய்யும்" என்றார்.

"அதுதான் இரைச்சல்."

மாமா எங்களைப் பார்க்கவில்லை. பெட்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அருவிக்குப் பக்கத்துல எனக்கு நல்லாத்தான் கேக்கு. எல்லாரும் வாயத் தொறந்து பேசுதாவ. தண்ணி நின்னா ஊரே முணுமுணுக்க ஆரம்பிச்சிருது. நீயும்தான். சீசன் முடிஞ்சா இவளுக்கு என்மேல என்ன கோவமோ, வாய்க்குள்ளயே பேசுதாளேன்னு நெனைப்பேன். கேக்கப் பயமாருக்கும்."

"நானா? எனக்கா கோவம்?" என்றாள் அத்தை. அவள் குரல் உடைந்தது. உடைந்த குரல் அவருக்கு எட்டாது என்று உடனே தெரிந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, உரக்க, "எனக்கு ஒங்கமேல ஒரு கோவமும் இல்ல" என்றாள். பக்கத்து வீட்டில் வெந்நீர் விளாவும் சத்தம் நின்றது.

பிற்காலத்தில் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தபோது ஒரு டாக்டரம்மாவிடம் இதைச் சொன்னேன். காதுக்குள் ஒரு சின்ன எலும்பு இறுகிப்போனால் இப்படி ஆகும் என்றார். இப்படிப்பட்டவர்களுக்கு இரைச்சலுக்கு நடுவேதான் பேச்சு நன்றாகக் கேட்கும், ஏனென்றால் அங்கே மற்றவர்கள் குரலை உயர்த்துகிறார்கள் என்றார். மாமா அன்று சொன்ன இன்னொன்றுக்கும் அவரிடம் விளக்கம் இருந்தது. "கிட்டார் மட்டும் கேக்கு. நெஞ்சோட சேத்து அணைச்சா எலும்பு வழியா ஏறுது" என்றார் மாமா. அப்போது அதைப் பாட்டுக்காரர்கள் பேசுகிற பேச்சு என்று நினைத்துக்கொண்டேன்.

"அண்ணாச்சிட்டச் சொல்லிருவோமா?" என்று அன்றைக்கு நான் கேட்டேன்.

அத்தை என் வாயைப் பொத்தாத குறை. "ஏட்டி, வெளிய மூச்சு விடப்படாது. காது கேக்காதவன்ட்ட ரேடியோவ ரிப்பேருக்கு எவன் குடுப்பான்? பார்ட்டில எவன் சேப்பான்? மாமாவுக்கு இந்த ரெண்டும் போச்சுன்னா பெறகு என்ன இருக்கு?"

மாமா அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். தலையைக் குனிந்துகொண்டார்.

அதற்குப் பிறகு எங்கள் காது, அவர் கை. மாமா ஒரு ஒயரைத் தொடுவார், ஒன்றை நகர்த்துவார். அத்தை எதிரே உட்கார்ந்து கையைத் தூக்கி வைத்திருப்பாள். இரைச்சல் கூடினால் கை உயரும், குறைந்தால் தாழும். டிரான்ஸ்பார்மரைத் திருப்பி வைத்தபோது கை கொஞ்சம் இறங்கியது. ஈயத்தாளை இன்னொரு சுற்றுச் சுற்றியபோது இன்னும் கொஞ்சம். அதற்கு மேல் அசையவில்லை. கல்யாணம் நெருங்கிக்கொண்டிருந்தது.

அதற்கிடையில் பிள்ளையார் சதுர்த்தி வந்தது. கொழுக்கட்டைக்குத் தேங்காய் வேண்டும். மாமா பெட்டியைத் திறந்துபோட்டுக் குனிந்திருந்தார், நான் கை காட்டும் இடத்தில் உட்கார்ந்திருந்தேன். அத்தை வாசலுக்குப் போய், "பிள்ளையாருக்குப் பெறகுதான் சக்களத்தி" என்று சொல்லிக்கொண்டே மண்ணில் நட்டிருந்த பாரையை ஒயரோடு பிடுங்கினாள்.

முனகல் நின்றது.

"கரண்டு போயிட்டா?" என்று அத்தை வாசலிலிருந்து கேட்டாள். கரண்டு போகவில்லை. வால்வு எரிந்துகொண்டிருந்தது. நான் என் கையைத் தரையோடு தரையாக இறக்கினேன். மாமா என் கையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், ஸ்பீக்கரின் மேல் உள்ளங்கையை வைத்தார். தந்தியை ஒருமுறை தட்டினார். கிட்டார் பேசியது, ஓய்ந்தது. ஓய்ந்த பிறகு ஒன்றுமே இல்லை.

"ஏளா, அத மறுபடி நடு!" என்று கத்தினார். நட்டாள். முனகியது. பிடுங்கினாள். நின்றது. பாரையைக் கையில் வைத்துக்கொண்டு அத்தை சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அழுகிறாளோ என்று நான் வெளியே ஓடிப் பார்த்தேன்.

விஷயம் இவ்வளவுதான். ஆம்ப்ளிபயருக்குச் சுவர் பிளக்கிலேயே ஒரு எர்த்து இருந்தது. பெட்டிக்கு மாமா தனியாக இன்னொன்று கொடுத்திருந்தார். இரண்டு பாதை கிடைத்ததும் கரண்டு இரண்டுக்கும் நடுவே சுற்றிச் சுற்றி வந்து முனகியிருக்கிறது. உப்பும் கரியும் போட்டு அந்தப் பாதையை நாங்களே அகலப்படுத்திக்கொண்டிருந்தோம். மருந்து என்று ஊருக்கு ஊர் சுமந்து போனதுதான் நோய்.

ஒத்திகைக்குப் பாரை இல்லாமல் போனோம். பெட்டி சுத்தமாக இருந்தது. "இப்பச் சரி வே" என்றார் அண்ணாச்சி. ஆனால் ஒரு பாட்டு முடிந்து எல்லாரும் நிறுத்திய பிறகு மாமாவின் கிட்டார் மட்டும் கொஞ்ச தூரம் தனியாகப் போயிற்று. தபலாக்காரர் அவரை ஒரு மாதிரி பார்த்தார். வீட்டுக்கு வந்து இதைச் சொன்னேன். அத்தை அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"கல்யாணத்துக்கு நானும் வாறேன்" என்றாள்.

இலத்தூரில் பந்தல் பெரிதாக இருந்தது. சாயங்காலம் மாப்பிள்ளை அழைப்புக்குக் கச்சேரி. பெண்கள் பக்கம் முதல் வரிசையில், மேடைக்கு நேர் எதிரே, அத்தை பனையோலை விசிறியோடு உட்கார்ந்தாள். அது அவர்கள் வீட்டிலேயே பேசி வைத்துக்கொண்டது. பாட்டின் தாளத்துக்கு விசிறி அசையும். பாட்டு நிற்கிற இடத்தில் விசிறி நிற்கும். பெட்டி இரைந்தால் மூக்குத்தியைத் தொடுவாள். மூக்குத்தியைத் தொட வேண்டிய தேவையே வரவில்லை. மாமா கிட்டாரை நெஞ்சோடு அணைத்து, கண்ணை அத்தை கையிலிருந்து எடுக்காமல் வாசித்தார். மிதித்தபோது ஓசை நடுங்கியது. பந்தலில் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தவர்கள் மடிக்காமல் மேடையைப் பார்த்தார்கள். எனக்குப் பக்கத்தில் பிச்சிப்பூ வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பெண்கள் முதுகை நிமிர்த்தினார்கள்.

மூன்றாவது பாட்டோ நாலாவதோ நடக்கும்போது மாப்பிள்ளை ஊர்வலம் பந்தல் வாசலுக்கு வந்துவிட்டது. அண்ணாச்சி பாட்டைப் பாதியில் நிறுத்தச் சொல்லிக் கை காட்டினார். மாமாவுக்குப் பின்னால் நின்று காட்டினார். பாட்டுக்காரர் நிறுத்தினார், தபலா நின்றது, விசிறி நின்றது. அதே நேரத்தில் மாப்பிள்ளையைப் பார்க்கும் ஆசையில் முன்வரிசைப் பெண்கள் எழுந்துவிட்டார்கள். அத்தை மறைந்துபோனாள். மாமா, எழுந்து நின்ற அந்தப் பெண்களுக்கு நடுவே விசிறியைத் தேடிக்கொண்டு, தலையை அப்படியும் இப்படியும் சாய்த்து, ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு, தனியாக வாசித்துக்கொண்டே இருந்தார். பெட்டியை மிதித்த காலை எடுக்கவில்லை. அந்த நடுக்கம் பந்தல் முழுவதும் ஒற்றையாக நின்றது.

அத்தை நாற்காலி மேல் ஏறி நின்றாள். விசிறியை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு அவரையே முறைத்தாள். மாமா கண்டார். கை அப்படியே நின்றுவிட்டது.

பிறகு பந்தலே சிரித்தது.

"பொண்டாட்டி எந்திரிச்சதும் தந்தி அத்துப்போச்சு பாத்தியா!" என்றது ஒரு குரல். "பின்ன என்ன, வாசிக்கவன் பொம்பளையாளுக முகத்தையா எண்ணுவான்?" என்றது இன்னொன்று.

கச்சேரி முடிந்து ஒயரைச் சுருட்டும்போது அண்ணாச்சி மாமாவுக்கு எதிரே வந்து நின்றார். நான் பெட்டியைக் கோணியில் போட்டுக்கொண்டிருந்தேன்.

"பெட்டியும் சுத்தம், வாசிப்பும் சுத்தம். அதுல ஒரு கொறையும் இல்ல வே" என்றார். கொஞ்சம் தயங்கினார். "ஆனா ஒம்ம வீட்டம்மா அப்பிடி எந்திரிச்சு நிக்கணும்னா... நீரு அப்பிடிப்பட்ட ஆளா வே? நிப்பாட்டச் சொல்லியும் நிப்பாட்டாம அந்தப் பக்கமே பாத்துக்கிட்டு நின்னீரே?"

மாமா அவர் உதட்டைப் பார்த்தார். அப்படி இல்லை என்று மறுத்தால் காது விஷயத்தைச் சொல்ல வேண்டும். என்னதான் சொல்லப் போகிறார் என்று நானும் அவர் உதட்டையே பார்த்தேன்.

"கொஞ்சம் அப்பிடித்தான் அண்ணாச்சி" என்றார் மாமா. காதோரம் சிவந்துவிட்டது. "அவ கூட வந்து எதுக்க ஒக்காந்தாத்தான் நான் ஒழுங்கா இருப்பேன்."

அண்ணாச்சி அன்றைக்குத்தான் நான் கேட்க வாய்விட்டுச் சிரித்தார். "சரி, கூட்டிட்டு வாரும். வண்டில எடம் இருக்கு. பார்ட்டிக்குக் கெட்ட பேரு மட்டும் வாங்கித் தந்துராதேயும்."

அதன்படி அத்தை கச்சேரிக்குக் கச்சேரி போனாள். சிவகிரி வரைக்கும் வேனில் ஆண்களுக்கு நடுவே ஒற்றைப் பெண்ணாகப் போய், முதல் வரிசையில் விசிறியோடு உட்கார்ந்தாள். புருஷனைச் சந்தேகப்படுகிறவள் என்று தென்காசி முழுக்க அவளுக்குப் பேர். பெண்பித்தன் என்று அவருக்குப் பேர். சொந்தத்தில் சில பேர் அத்தைக்குப் புத்தி சொல்ல வீட்டுக்கே வந்தார்கள். அவள் காப்பி போட்டுக் கொடுத்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். நான் ஊரைவிட்டுப் போகும்வரை மாமா பார்ட்டியில் இருந்தார். ரேடியோக்களும் வந்துகொண்டிருந்தன.

அந்த முதல் கச்சேரி அன்றைக்கு இலத்தூரில், பந்தி முடிந்து கை கழுவும் இடத்தில், கல்யாண வீட்டு அம்மா ஒருத்தி என்னைத் தோளைப் பிடித்து இழுத்தாள்.

"ஏட்டி, ஒங்க மாமன் அம்புட்டு மோசமா? ஒங்க அத்தைக்காரி கண்ணக் கூடச் சிமிட்டாமப் பாத்துக்கிட்டு இருந்தாளே?"

பக்கத்தில் கை கழுவிக்கொண்டிருந்த அத்தை நிமிர்ந்தாள். பந்தலின் அந்தக் கோடியில் மாமா கிட்டாரை உறையில் போட்டுக்கொண்டிருந்தார். அவருக்கும் எட்டும்படி உரக்கச் சொன்னாள்:

"ஆமாக்கா. ஒரு நிமிசம் கண்ண எடுத்தேன்னா போச்சு."

மாமா திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.